உப்புப் பார்க்க ஓர் ஆள்

கல்முனைக்குடியில் ஐஸ்கிரீமுக்குப் பஞ்சமில்லை. பின்னேரமானால் மணியடித்துக்கொண்டு வண்டி வரும். கடற்கரைப் பக்கம் கடைக்குக் கடை குளிர்ப்பெட்டி இருக்கிறது. வெனிலா, ஸ்ட்ரோபெரி, சொக்லட் எல்லாம் கிடைக்கும். என் மனைவி கேட்டது இதில் எதுவுமில்லை. மகளைப் பார்க்க டோஹாவுக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு கடையில் சாப்பிட்டாளாம், சீனியைக் கருக்கி உப்புப் போட்ட கெரமல் ஐஸ்கிரீம். "இனிப்புக்குள்ளால உப்பு வந்திச்சு. அந்த ருசி மட்டும்தான் இப்ப எனக்கு ஞாபகத்தில இரிக்கி" என்றாள்.

உப்புப் போட்ட ஐஸ்கிரீமாம். நல்ல காலத்தில் கேட்டிருந்தால் பகிடி பண்ணியே அவளை ஒரு வழி ஆக்கியிருப்பேன். அது நல்ல காலமில்லை.

அவளுக்குக் கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். முதலில் வெட்டினார்கள், பிறகு கதிர் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் அதைக் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் எச்சில் வற்றி, நாக்கில் ருசி செத்துப்போனது. சோறு மணலைத் தின்கிறது போல் இருக்கிறது என்பாள். குளிர்ந்து வழுக்கிக்கொண்டு போகும் சாமான் மட்டும்தான் தொண்டையைத் தாண்டியது. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஊசிமருந்து ஏற்ற வேண்டும், அதுவரை உடம்பு நிறை இனிக் குறையவே கூடாது என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். குறைந்தால் மருந்தை உடம்பு தாங்காது. மருந்தை விட்டுவிட்டு மூக்கால் குழாய் போட்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, இந்த மருந்து நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடும், சுகமாக்காது என்றும் சொன்னார். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வழியிலேயே விழுங்கிவிட்டேன்.

நான் கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டியே தலை நரைத்த ஆள். அடுப்படியில் எனக்கு வேலை இருந்ததில்லை, தேத்தண்ணிகூட அவள் கையால்தான். டோஹாவிலிருந்து மகள் போனில் குரல் பதிந்து அனுப்பி அனுப்பிச் சொல்லித்தந்தாள். சீனியைத் தண்ணீர் விடாமல் அடி கனத்த சட்டியில் உருக்க வேண்டும். கரண்டி போட்டுக் கிண்டினால் கட்டிபட்டுப் போகும், சட்டியைத்தான் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். தேன் நிறம் தாண்டிச் சாயத் தேத்தண்ணி நிறம் வரும்போது பட்டரும் சூடாக்கிய கிரீமும் ஊற்ற வேண்டும். அந்த நேரம் அது சீறிக்கொண்டு பொங்கும். முதல் நாள் என் கையைச் சுட்டது. அடுத்த நாள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றதில் கருகி, வீடெல்லாம் புகை. வந்த கோபத்தில் சட்டியோடு தூக்கிக் கிணற்றடியில் எறிந்தேன்.

அவள் கட்டிலில் இருந்தபடியே சிரித்தாள். ஒரு பக்கத்து வாய்தான் சிரிக்கும். கருகின பிறகு பிரேக் பிடித்து வேலையில்லை, கருகுவதற்கு முன்பே அடுப்பிலிருந்து இறக்க வேண்டும், இத்தனை வருசம் பஸ் ஓட்டி இது தெரியாதா என்று கேட்டாள். மூன்றாம் முறை சரியாக வந்தது. ஆறவிட்டு, டின்பாலும் அடித்து நுரைத்த கிரீமும் கலந்து, பழைய ஐஸ்கிரீம் பெட்டியொன்றில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன்.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதனால் நான் அதை நாக்கில் வைக்கவில்லை. உப்புப் பார்க்கிறது அவள்தான். கெரமல் அடுப்பில் இருக்கும்போதே ஒரு கரண்டியில் எடுத்து ஊதி ஊதிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நக்கிப் பார்த்துவிட்டு உப்புக் காணாது என்பாள். திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் போடுவேன். அடுத்த நாளும் காணாது. கல்லுப்பை இடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு நாள், "இப்பதான் சரி, இப்பதான் உப்பு வருது" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசம் மகள் பிறந்த அன்றைக்குக்கூட இருந்ததில்லை. அந்த அளவை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் குறைவில்லை. அப்பிளும் பால்மாப் பெட்டியுமாக வந்து உட்கார்ந்து, கரண்ட் பிடித்த தொண்டைக்கு யாராவது ஐஸ் கொடுப்பார்களா என்று என்னைக் கேட்பார்கள். அதில் முன்னுக்கு நின்றது அவளுடைய மூத்த சகோதரி, ராத்தா. வந்தால் துஆக் கேட்டுவிட்டுப் போங்கள், வைத்தியம் பார்க்க வேறு ஆள் இருக்கிறது என்று ஒரு நாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் நான் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்துத்தான் வருவார்.

இதற்கிடையில் றமழான் வந்தது. போன றமழான் முழுக்க அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள், ஒரு நோன்பும் பிடிக்கவில்லை. இந்த முறையும் பிடிக்க முடியாது. என்ன செய்வது என்று மௌலவியிடம் போய்க் கேட்டேன். சுகமாகிவிடும் என்று நம்பிக்கை உள்ள நோயாளி, விட்ட நோன்பைப் பிறகு திருப்பிப் பிடிக்க வேண்டும், அது களா. சுகமாகும் என்ற நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் களா இல்லை, நோன்புக்குப் பதிலாக ஏழைகளுக்கு அரிசி கொடுத்தால் போதும், அது ஃபித்யா. இதைச் சொல்லிவிட்டு, டொக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் யாருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், அப்படியென்றால் அரிசியைக் கொடுத்துவிடுங்கள் என்றார். இரண்டு வருட நோன்புக்கும் சேர்த்து, பின்தெருவில் புருசன் இல்லாத ஒரு பொம்பிளையின் வீட்டில் அரிசியை இறக்கினேன். மனைவிக்குச் சொல்லவில்லை. கேட்டால், நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று மௌலவி சொன்னார் என்று மட்டும் சொன்னேன்.

நோன்பு தொடங்கியதும் அவள் ஐஸ்கிரீம் சாப்பிடுகிற விதம் மாறியது. முன்பெல்லாம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஊட்டுவேன். இப்போது, நீங்கள் நோன்போடு இருக்கிறீர்கள், முன்னுக்கு வைத்துத் தின்ன எனக்கு வெட்கமாக இருக்கிறது, வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன். திரும்பி வரும்போது கோப்பை வெறுமையாக இருக்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று கழுவி வைப்பேன். அவளுடைய அறை யன்னலுக்குக் கீழே தேசிமரத்தடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. எங்கிருந்துதான் இவ்வளவு எறும்பு வருகிறதோ என்று ஏசிக்கொண்டு மருந்து தூவினேன்.

நோன்பு பாதி போயிருந்தபோது கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தார்கள். நிறை நன்றாகக் குறைந்திருந்தது. வீட்டில் சாப்பாடு கொடுப்பதில்லையா என்று டொக்டர் என்னைக் கேட்டார். அடுத்த முறையும் இப்படியென்றால் ஊசியை மறந்துவிடுங்கள் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நான் ஒரு முட்டாள், கிரீம் காணாது போல, நாளைக்கு இன்னொரு பெட்டி கூடச் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து கெரமல் காய்ச்சினேன். கல்லுப்பு முடிந்து தூள் உப்பு வாங்கியிருந்தேன், அதன் அளவு எனக்குப் பிடிபடவில்லை. நோன்போடு சமைக்கிற பெண்கள் நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார்கள். எனக்கு அந்தப் பழக்கமில்லை. அவள்தான் நோன்பில்லையே என்று கரண்டியோடு அறைக்குப் போனேன்.

உப்புப் பார் என்று நீட்டினேன். அங்கே வையுங்கள் என்றாள். அடுப்பில் கிடக்கிறது, ஒருக்கால் நக்கிச் சொல்லு என்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அப்போதுதான் அவளுடைய உதட்டைப் பார்த்தேன். வெளுத்து, வெடித்து, தோல் உரிந்து கிடந்தது. தேசிமரத்து எறும்பு ஞாபகம் வந்தது.

"நீ நோம்பா?" என்று கேட்டேன்.

 எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் போட்ட சத்தம் அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும். நான் கை வெந்து காய்ச்சுவது, நீ யன்னலால் ஊற்றுவது, நான் எறும்புக்கா ஐஸ்கிரீம் செய்தேன் என்று கத்தினேன். சாகத்தான் பார்க்கிறாயா என்றும் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவள் மெல்லத் திரும்பினாள்.

"நீங்க அரிசி குடுத்தீங்க" என்றாள்.

அரிசி கிடைத்த வீட்டுக்காரி ராத்தாவிடம் நன்றி சொல்லியிருக்கிறாள். ராத்தா அதைக் கொண்டுவந்து இவளிடம் சேர்த்துவிட்டார்.

"ஃபித்யா ஆருக்குக் குடுக்கிற எண்டு எனக்குத் தெரியாதா? நானும் ஓதினவதானே. சுகமாகாத ஆளுக்குத்தான் குடுக்கிற. நீங்க முடிவெடுத்திட்டீங்க. நான் இன்னும் முடிவெடுக்கல்ல."

என் கையில் இருந்த கரண்டியில் கெரமல் இறுகிக்கொண்டிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் இருந்தேன்.  அவள் சாவைப் பார்த்து நோன்பு பிடிக்கவில்லை. சுகமாகப் போகிற ஆளாக இருக்க வேண்டும் என்று பிடித்திருக்கிறாள். அந்த நோன்புதான் அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

"அந்த அரிசி ஸதக்காவா, சும்மா தருமமாப் போகட்டும்" என்றேன். "உனக்குக் களாதான். மருந்து முடிஞ்சு சுகமாகினத்துக்குப் பொறகு ரெண்டு வருசத்து நோம்பையும் புடி. நானும் உன்னோட சேந்து எல்லாத்தையும் புடிக்கிறன். விடியச் சாமத்தில சகர் சாப்பாட்டுக்கு நானே எழுப்புறன்."

"சீனி வருத்தத்தோட இத்தின நோம்பா?"

"ஓம்."

"மனசால வச்ச நிய்யத்தா?"

"நிய்யத்துத்தான், புள்ள."

என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். டொக்டர் எனக்கு என்ன சொன்னார் என்று கேட்கப்போகிறாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. வாயைத் திறந்தாள். நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. இறுகின கெரமலை நாக்கில் வைத்து ஊறவிட்டு, வெகுநேரம் கழித்து, "உப்புக் காணா" என்றாள்.

அடுப்படிக்குப் போய் உப்பைப் போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் என் கண் முன்னால்தான் சாப்பிட்டாள். கோப்பையில் ஒரு சொட்டு மிச்சம் விடமாட்டாள். அடுத்த கிளினிக்கில் நிறை கொஞ்சம் ஏறியிருந்தது, பெருநாள் கழித்து ஊசியும் ஏற்றினார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலில்தான் மவுத்தானாள்.

கடமையெல்லாம் முடிந்துவிட்டது, ஃபித்யா கொடுத்தாயிற்று, இனி அவள்மீது ஒன்றும் இல்லை என்று மௌலவி சொன்னார். அவர் சொல்வது சரிதான். சீனி வருத்தத்தோடு இன்னும் என்ன நோன்பு வாப்பா என்று மகள் போனில் அழுதாள். அதுவும் சரிதான். ஆனால் என் மனைவி, சுகமாகாது என்று முடிவெடுக்காமலே போனவள். அவளோடு சேர்ந்து பிடிப்பதாக நிய்யத்து வைத்த ஆள் நான். அவளுக்காக ஓதின கத்தமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடின பிறகு முதல் நோன்பைப் பிடித்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் கெரமல் காய்ச்சினேன்.  கை அந்த நேரத்துக்குச் சட்டியைத் தேடியது. உப்புப் பார்க்க ஆளில்லை என்பதால் அவள் சரி என்று சொன்ன அதே அளவு கல்லுப்பை இடித்துப் போட்டேன். கிரீம் கலந்து குளிரில் வைத்தும், கட்டிபடுவதற்கு நேரம் போதாமல் கூழ்போலத்தான் இருந்தது. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தில் நோன்பைத் திறந்துவிட்டு, முதல் தடவையாக அதில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன்.

கடல் தண்ணீர். இனிப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தொண்டை அதை உள்ளே விடவில்லை. இதைத்தான் அவள் தினமும் கோப்பை கோப்பையாகச் சாப்பிட்டாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இப்பதான் சரி என்று. உண்மையில் உப்பு நாக்கில் தட்டியதா, அல்லது நான் காய்ச்சினேன் என்பதற்காகச் சொன்னாளா என்று இனி யாரிடம் கேட்பது.

கோப்பையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் தொழ எழும்பினேன். இரண்டு வருட நோன்பு. இன்னும் நிறையக் கிடக்கிறது.