மேற்கே திருப்பிய ஸ்பீக்கர்

பதினேழு வயதில் எனக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று வாப்பாவிடம் பேசுவதற்கு. மற்றது எந்தச் சொல்லில் உடைந்து கீச்சிடும் என்று எனக்கே தெரியாது. ஆகவே காதலைச் சொல்லும் பொறுப்பை ஒரு ஸ்பீக்கரிடம் ஒப்படைத்தேன்.

ராத்தாவின் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாணம் பெண் வீட்டில்தான். மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து சேரும்வரை, தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் சினிமாப் பாட்டால் தெருவை நனைத்துக்கொண்டிருக்கும். பள்ளிவாசல் பாங்கு கேட்டால் மட்டும் வாயை மூடும். கசட் மாற்றும் பதவி எனக்கு. தகுதி, பெண்ணின் தம்பி.

டியூசனில் எனக்கு முன்னால் வாங்கில் ஒருத்தி உட்காருவாள். ஊரின் மேற்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அவள் வீடு. கல்யாணத்துக்கு முதல்நாள், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பாவனையில் குனிந்தபடி சொன்னேன்: "நாளைக்குப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு எங்கட வீட்டு ஸ்பீக்கர்ல வாற முதல் பாட்டு உங்களுக்கு. பதில் சொல்லணும்."

"கேட்டாத்தானே சொல்ல ஏலும்" என்றாள், சைக்கிளை மிதித்துப் போய்விட்டாள்.

ஸ்பீக்கர் கட்ட வந்த அண்ணன், நாங்கள் காக்கா என்போம், தென்னையின் பாதியில் தொங்கிக்கொண்டு கேட்டார்.

"மேற்கால திருப்பி என்னத்துக்குடா? அங்கிட்டு வயலும் கொக்கும்தானே இரிக்கி?"

"மாமி வீடு இரிக்கி, காக்கா."

"உன்ட மாமி வீடு தெற்கால இல்லியா?"

"அது வேற மாமி."

அவர் மேலேயிருந்து என்னை ஒருமுறை பார்த்தார். சிரித்தார். திருப்பினார்.

பாட்டைக் கல்முனை பசாரில் அதற்கென்றே கசட்டில் பதிந்து வைத்திருந்தேன். மழையில் நனைந்து நிற்கும் ஒருவன், என்னை ஏன் விட்டுப் போனாய் என்று நெஞ்சு வெடிக்க அழுகிற பாட்டு. எவ்வளவு அழுகையோ அவ்வளவு காதல் என்பது அன்றைய என் கணக்கு. விட்டுப் போவதற்கு என்னுடையவள் முதலில் வந்திருக்க வேண்டுமே என்பது தோன்றவில்லை. அசர் முடிந்ததும் போட்டேன். அவள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றிருந்தால்? திரும்பப் போட்டேன். கிணற்றடியில் நின்றிருந்தால்? திரும்பவும் போட்டேன்.

அது கச்சான் காற்றின் காலம். வயலைக் கடந்து வரும் அந்தச் சூட்டுக்காற்று, கொடியில் காயும் சாரத்திலிருந்து நாட்டு நடப்பு வரை கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கிழக்கே கடலுக்குப் போகும். மேற்கே பார்த்து வாய்பிளந்து நின்ற ஸ்பீக்கரின் வாயிலிருந்தே பாட்டைப் பிடுங்கி, எங்கள் கூரைக்கு மேலால் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டியது. அங்கேதான் மாப்பிள்ளை வீடு.

மாப்பிள்ளையின் மாமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முகம் கருவாடு.

"மச்சான், பொண்ணுக்கு விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லிருங்க. மாப்பிள தொப்பியக் கழட்டி வெச்சிட்டுக் குந்திட்டு இரிக்கார்."

"அல்லாஹ்வே! யாரு சொன்ன விருப்பமில்லயெண்டு?" என்றார் வாப்பா.

"உங்கட ஸ்பீக்கர்தான் சொல்லுது. அசர்ல இருந்து அழுகுது."

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "டேய்! இது கல்யாண வீடா மவுத்து வீடா?"

அதற்குள் பெண்கள் இருந்த அறையின் கதவு திறந்தது. மருதோன்றி காயாத இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி ராத்தா.

"இங்க போடுற பாட்டு அவருக்குக் கேட்குதா?" என்று மாமாவிடம் கேட்டாள்.

"சொல்லுச் சொல்லாக் கேட்குது, மகள்."

ராத்தா என் பக்கம் திரும்பினாள். "டேய் நாசமாப் போனவனே, அந்த அழுகுணிய வெளியால எடு. புதுக் கசட்ல மாமனக் கூப்பிடுற பாட்டு ஒண்டு இரிக்கி, அதப் போடு. சத்தத்தக் கூட்டு!"

உம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். கல்யாணப்பெண் பாட்டுப் போட்டு மாப்பிள்ளையை அழைப்பது எங்கள் தெரு காணாத சங்கதி. கச்சான் அதையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மாப்பிள்ளை தொப்பியைப் போட்டார், ஊர்வலத்தை விட்டுவிட்டுத் தனியாக முன்னால் நடந்தார். எங்கள் வாசலுக்கு வந்தபோது சோறு இன்னும் அடுப்பில்.

ராத்தாவின் காரியம் முடிந்தது. என்னுடையது?

அடுத்த டியூசனில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவளே வந்து நின்றாள். "ஒண்டும் கேட்கல்ல. கச்சான் அடிக்கக்குள்ள மேற்கால எப்பிடிக் கேட்கும்? உங்கட மச்சானுக்குத்தான் கேட்டதாம், ஊரெல்லாம் கதை."

"அப்ப பதில்?"

"கேட்காத பாட்டுக்கா? பாடுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

பாடினேன். இரண்டாவது குரல் முதல் அடியிலேயே வந்துவிட்டது. 'ஏன்' என்ற சொல் மேலே போய் அங்கேயே மாட்டிக்கொண்டது. வேலியில் நின்ற ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "மிச்சம் நாளைக்கு" என்றாள்.

மிச்சம் மறுநாள். அதற்கு மிச்சம் அதற்கு மறுநாள். நாளுக்கு ஓரடி என்று கஞ்சத்தனமாகப் பாடியும் அந்தப் பாட்டுக்கு இருந்ததென்னவோ இரண்டே சரணம். தீர்ந்துவிட்டால் நாளை அவள் எதற்கு நிற்பாள்? கடைசி அடிக்கு முதல்நாள் பின்னேரம் பாடக் கொப்பியின் பின்பக்கத்தில், மெட்டுக்குப் பொருந்தாமல், வயலும் கொக்கும் சூட்டுக்காற்றுமாக மூன்றாவது சரணத்தை நானே எழுதினேன்.

அதன் முதல் அடியைப் பாடி முடித்ததும் அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இது படத்தில இல்லியே."

"இரிக்கி. நீங்க பார்த்த படக் கொப்பியில வெட்டிட்டாங்க."

"அப்பிடியா," என்றாள். "அப்பிடி வெட்டினது இன்னும் வேற இரிக்கா?"