பத்து நாள் பார்க்கச் சொன்ன நாய்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெருவில் ‘ஒண்ணும்பண்ணாது’ என்று பெயர். சொட்டு மருந்துக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொள்பவர்களிடம் முப்பது வருடமாக அவர் சொல்லிவந்த வார்த்தை அது. மருந்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர் என்று விட்டுவிடலாம். கழன்று தொங்கிய ஸ்விட்சுக்கும் அதையே சொன்னார், மனைவியின் மயக்கத்துக்கும் அதையே சொன்னார், வருகிறவர் போகிறவர் மேல் பாயும் தன் நாய்க்கும் அதையே சொன்னார். நாய்க்கு வருடாவருடம் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியை இரண்டு வருடமாகத் தட்டிக்கழித்திருந்தார். வீட்டு நாய்க்கு எதற்கு ஊசி என்பது அவர் வாதம். அந்த வீட்டு நாய் தினமும் கேட்டைத் தாண்டி ஊர்சுற்றிவிட்டு வந்தது அவர் கண்ணில் படவில்லை போலும்.

மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். “சார், நாயைக் கட்டுங்க.”

“அது ஒண்ணும் பண்ணாது, வாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, கெண்டைக்காலில் பல் இறங்கிவிட்டது.

கடிபட்டவருக்கு முதல் ஊசி போட்ட நர்ஸ், “நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்லுங்க, அதுக்கு ஏதாவது ஆனா உடனே தெரியணும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். மீட்டர்காரர் தினமும் காலை பத்து மணிக்குப் போன் செய்தார். “நாய் எப்படி சார் இருக்கு?” “நல்லா இருக்கு.” மூன்று நாள் அது உண்மை.

நான்காம் நாள் நாய் தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன் குனிந்தது. தொண்டை இழுத்துக்கொள்ள, பின்வாங்கியது. பிறகு வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நின்றது. சுவரில் ஒரு பல்லிகூட இல்லை. ஆனால் எதுவோ நடந்துபோவதைப் பார்ப்பதுபோல் அதன் கண் மெதுவாக இடமிருந்து வலம் போனது, திரும்பி வந்தது. சட்டென்று வெறும் காற்றைக் கடித்தது. பல் மோதிய சத்தத்தில் கடைக்காரர் ஓரடி நகர்ந்தார். “டேய்” என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்த கண்ணில் அவரைத் தெரிந்த அடையாளமே இல்லை.

போன் அடித்தது. “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ஐந்தாம் நாள் நாயின் குரல் மாறியது. கட்டிலுக்கு அடியிலிருந்து, தொண்டை கட்டிய மனிதர் யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. மனைவி இரண்டு முறை வந்து, “என்னங்க, கூப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். அறையைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஆறாம் நாள் கதவுக்குக் கீழே எச்சில் வழிந்திருந்தது. அந்த இரண்டு நாளும் போனில் அதே பதில். எப்படித்தான் மனசு வந்ததோ!

ஏழாம் நாள் காலையில் சத்தமே இல்லை. கதவைத் திறந்தார். சுவரைப் பார்த்தபடியே விறைத்துக் கிடந்தது.

பத்து மணி.

“சார், இன்னிக்கு மூணாவது ஊசி. எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு. நாய்தான் நல்லா இருக்கே, ஊசியை விட்டுடட்டுமா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். போலீஸ் வராது, பழி வராது. கேட்ட மனிதர் மட்டும் செத்துப்போவார்.

“விடாதீங்க” என்றார். “செத்துடுச்சு. மூணு நாளா உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

திட்டு விழும் என்று காத்திருந்தார்.

“உங்க வீட்ல யாரையாவது கடிச்சுதா சார்?”

“இல்ல” என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். மனைவி ஒரு கையைப் பின்னால் மறைத்தபடி நின்றிருந்தாள். மெதுவாக முன்னால் நீட்டினாள். மணிக்கட்டில் இரண்டு பல் தடம்.

“முந்தாநாள். நீங்க கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி.”

“ஏன்மா சொல்லல?”

“சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் விம்மினார். மேசைமேல் நழுவிய போனிலிருந்து மீட்டர்காரரின் குரல் கத்திக்கொண்டிருந்தது.

“சார், அழ நேரமில்ல! சோப்பு போட்டு, குழாயைத் தொறந்துவிட்டு நல்லாக் கழுவச் சொல்லுங்க. எச்சில் பட்டிருந்தா உங்களுக்கும் ஊசி வேணும், பன்னெண்டு மணிக்கு ஊசி ரூமைப் பூட்டிடுவாங்க. நான் கெளம்பிட்டேன், வரிசையில உங்க ரெண்டு பேருக்கும் இடம் பிடிச்சு வைக்கிறேன்.”