வள்ளக்காரனின் வசனம்

"அந்தக் கொடுக்கைக் கழட்டி நிரோஜினியிட்டைக் குடு. நீ இப்ப கொக்கு."

பாதி வசனத்தில் நிறுத்தி வேடங்களை மாற்றிவிடுவது ஜெனீற்றா ரீச்சரின் வழக்கம். அதுவரை நண்டாயிருந்த பிள்ளை அட்டைக் கொடுக்குகளை உருவிக் கொடுத்துவிட்டு ஒற்றைக்காலில் நிற்கும். ஊர்காவற்றுறையில் கூரை பறந்துபோன பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக்குள் பின்னேரங்களில் சிறுவர் நாடக ஒத்திகை. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வசனமும் பாடமாக இருக்கவேண்டும். ஏனென்று கேட்கும் தாய்மாருக்கு ஒரே பதில்தான்: "ஆர் இருப்பினம், ஆர் போவினம் எண்டு ஆருக்குத் தெரியும்? நாடகம் நிக்கக்கூடாது."

ஐம்பது தாண்டிய ஒடிசலான மனுசி. சேலைத் தலைப்பு எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். தொண்ணூற்றாறில், போரால் இடம்பெயர்ந்த சனம் ஊர் திரும்பியபோது, பேச்சை எங்கோ விட்டுவிட்டு வந்தவர்கள்போலத் திரிந்த பிள்ளைகளைக் கூட்டிவைத்து நண்டு நடை நடந்து காட்டினார். அதுதான் தொடக்கம். பிறகு வேடங்களைச் சாக்கில் கட்டி அனலைதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வள்ளமேறினார். இறங்குதுறையில் சாக்கைக் கொட்டிச் சோதித்த கடற்படைக்காரன் ஒருவன் ஆமை ஓட்டைத் தலையில் கவிழ்த்துப் பார்த்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் மட்டும், ஓடு திரும்பி வரும்வரை கையை நீட்டியபடி நின்றார்.

வருடத்துக்கு வருடம் ஒரு கொக்கு கொழும்புக்குப் போகும்; ஓர் ஆமை கனடாவுக்குப் போகும். மற்றப் பிள்ளைகள் அழத் தொடங்குமுன் ரீச்சர் வேறொருவருக்கு வேடம் கட்டிவிடுவார்.

இரண்டாயிரத்து ஏழில் புதிய நாடகம். மிருகங்களை ஏற்றிச் செல்லும் வள்ளக்காரனாகப் பதினாறு வயதுக் கிளின்ரன். மண்கும்பானிலிருந்து சைக்கிளில் ஒத்திகைக்கு வருபவன், ஒருநாள் வந்து சேரவில்லை. சைக்கிள் பற்றைக்குள் கிடந்தது. அவனைக் கண்டவர் இல்லை. அல்லது, கண்டேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ரீச்சர் தன் வழக்கப்படி வள்ளக்காரனின் தொப்பியை இன்னொரு பிள்ளையான மேர்வினின் தலையில் வைத்தார். அடுத்த நாள் கிளின்ரனின் தாய் ஞானசவுந்தரி வந்து வாசலில் நின்றாள்.

"ரீச்சர், அவன்ரை வேசத்தை மேர்வினுக்குக் குடுத்திட்டியளாம்?"

"வாற மாதம் நாடகமெல்லே, ஞானம்..."

"அப்ப, அவன் வரமாட்டான் எண்டு நீங்களும் நினைக்கிறியளோ?"

பிள்ளைகள் விட்டுப்போக, ரீச்சர் இத்தனை வருடமாக ஓடியோடி அடைத்த இடங்களில் ஒன்றுகூட இப்படி எதிரில் வந்து நின்று கேட்டதில்லை. மேர்வினிடமிருந்து தொப்பியை வாங்கித் தாயின் கையில் கொடுத்தார்.

"கொண்டுபோய் வையும். அவனே வந்து போடட்டும்."

அந்த நாடகம் இன்றுவரை மேடையேறவில்லை. ஒத்திகை மட்டும் நடக்கிறது. ஞானசவுந்தரியும் வந்து சுவரோரமாக இருப்பாள். நடுக்கடலில் மிருகங்கள் எல்லாம் சேர்ந்து, "வள்ளக்காரா, கரை எப்ப வரும்?" என்று கேட்கும். இல்லாத வள்ளக்காரன் பதில் சொல்லும் நேரமளவு காத்துநின்றுவிட்டு, அடுத்த வசனத்துக்குப் போகும்.

போன கிழமை துசாரா என்றொரு சின்னப்பிள்ளை புதிதாகச் சேர்ந்தாள். அக்காவிடம் கேட்டு நாடகம் முழுவதையும் பாடமாக்கி வந்திருந்தாள். மிருகங்கள் கேட்டன. ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் மறந்துபோனார்கள் என்று நினைத்த துசாரா, முகமெல்லாம் சந்தோசமாக, "பயப்பிடாதையுங்கோ, கரை..." என்று கணீரென்று தொடங்கினாள்.

ரீச்சர் ஓடிவந்து, தன் உள்ளங்கையால் அந்தப் பிள்ளையின் வாயை மெல்லப் பொத்தினார்.