அருக்காணி வீட்டுக் கறிவேப்பிலை

டில்லி ஆர்.கே.புரத்தில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தவள் அருக்காணி. கோயமுத்தூர்ப் பக்கம். கணவர் வடிவேல் செக்ரடேரியட்டில் கிளார்க். எழுபத்தாறில் அவர்கள் குடிவந்தபோது டால்டா டப்பாவில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் கூடவே வந்தது. ரயிலில் ஜன்னலோர இடம் அதற்குத்தான். வடிவேல் வழி நெடுக நடுவில் நசுங்கிக்கொண்டு வந்தாராம்.

குழந்தை இல்லாத வீடு. ஹிந்தியும் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. நானோ பள்ளிக்கூட வேலைக்குப் போகிறவள். வடிவேலும் பஸ் ஏறிவிட்டால் மாலைவரை அவளுக்குப் பேச்சுத்துணை கிடையாது. கன்று ஆளுயரம் வளர்ந்த பிறகுதான் அவள் கதவைத் தட்ட ஆட்கள் வந்தார்கள். பிளாக்கில் இருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் அவள் வீட்டுக் கறிவேப்பிலைதான். எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரி குல்வந்த்கூட அடிக்கடி வருவாள். எந்தக் காலத்திலும் அவள் கையில் ஒரு ஸ்வெட்டர் பின்னல் இருக்கும். ஒரு கொத்து வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுவாள். இவள் தமிழில் பேச, அவள் ஹிந்தியில் பேச, இரண்டு பேரும் எதற்குத்தான் சிரிப்பார்களோ!

ஒரு மழைக்காலத்தில் இலைகளின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"குருவி எச்சமுங்க்கா. செடிக்கு நல்ல ஒரம், இருந்துட்டுப் போகுது" என்றாள் என்னிடம்.

கெட்டிக்காரி! சில நாளில் அந்த எச்சமெல்லாம் விரல் தடிமனுக்குப் பச்சைப் புழுக்களாகி இலையை மென்றுகொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்தெடுக்கப் போனாள். அது தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொம்பை நீட்டி, ஒரு நாற்றத்தையும் கிளப்பியது. அவள் போட்ட கூச்சல் மாடிவரை கேட்டது.

வடிவேல் டி.டி.டி. பவுடர் வாங்கி வந்தார்.

"நாலு பேரு திங்கற எலையில வெசத்தப் போடுவாங்களா?" என்று அவரைத்தான் விரட்டினாள்.

அடுப்புச் சாம்பலைத் தூவினாள். மழை அதைக் கழுவிவிட்டது. கடைசியில் மிஞ்சியது வெறும் குச்சி.

"இனி ஆருங்க்கா என்ற வீட்டுக்கு வருவாங்க?" என்று என்னிடம் அழுதாள். அவள் பயந்தபடியே ஒரு தமிழ் வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. அந்த ஜனங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது குல்வந்த் பின்னலோடு வந்தாள். பார்த்ததும் அருக்காணி குச்சியைக் காட்டிக் கையை விரித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"பத்தா தோ பஹானா தா!" என்று சிரித்தாள் குல்வந்த்.

இலை ஒரு சாக்குத்தானாம். அவள் வீட்டில் யாரும் கறிவேப்பிலை சாப்பிடுவதே இல்லை. வாங்கிப்போன கொத்தெல்லாம் தெருமுனைப் பசுவுக்குத்தான். கணவர் மாதத்தில் பாதி நாள் டூர் போய்விட, அவளுக்கும் வீட்டில் பேச ஆளில்லை. இத்தனையையும் நான் தமிழில் சொன்னேன்.

அருக்காணிக்கு முகம் சிவந்துவிட்டது. "அடிப்பாவி! கொழுந்தாப் பாத்துப் பாத்துக் கிள்ளிக் குடுத்தேனே, மாட்டுக்கா போட்டே? அந்தப் புழுவே தேவலையேடி!"

என்ன சொல்கிறாள் என்று குல்வந்த் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அருக்காணி திட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.