இரண்டு எம்ப், ஒரு ப்ளக்

1. கிறிஸ்மஸ் என்னும் நத்தாருக்கு முந்திய ஒளி விழாவுக்காக, எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில், கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் எம்ப் பெட்டிகளில் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்து, என் கிட்டாரை இரண்டிலும் பூட்டினோம்.
2. இரண்டும் உறுமின.
3. அண்ணன் பின்னாலிருந்த எம்பின் ப்ளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றினான். உறுமல் அடங்கியது. அந்தச் சந்தோஷத்தில் முன்னால் இருந்ததையும் கழற்றினான்.
4. நான் பாடுவதற்கு மைக்கில் வாயை வைத்தேன். உதட்டில் ஷாக் அடித்தது.
5. இரண்டு எர்த்தையும் திரும்பப் பூட்டினேன். உறுமலும் திரும்பி வந்தது.
6. அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்குள் சத்தம் நிற்காவிட்டால் கிட்டார் வேண்டாம், கீபோர்ட் போதும் என்று உபதேசியார் சொன்னார்.
7. சனிக்கிழமை நாலே முக்காலுக்குச் சத்தம் நின்றது.

வேலையில் இப்படி எழுதித்தான் எனக்குப் பழக்கம். தேயிலைத் தூளிலிருந்து நாரையும் குச்சியையும் நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஹட்டனிலிருந்து கிளம்பி தலவாக்கலை, பூண்டுலோயா என்று எந்தத் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றாலும் போக வேண்டும். திரும்பி வந்ததும் நடந்ததை இலக்கம் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் உதடு எரிந்ததுக்கோ சனங்கள் சிரித்ததுக்கோ இடம் இல்லை. இங்கே இருக்கிறது.

முதலில், இரண்டு எம்ப் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயில் நீளமானது. ஒளி விழா நாடகத்தில் மேய்ப்பர்களாக வேஷம் போட்ட பிள்ளைகள் பின்வாசல் வழியாகப் பாடிக்கொண்டே வருவார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எம்ப் இருந்தால் பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்குக் கிட்டார் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் முன்வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதனால் என்னுடையதை முன்னாலும், அண்ணன் முன்பு இசைக்குழுவில் இருந்தபோது வைத்திருந்ததைப் பின்னாலும் வைத்தோம்.

போன வருஷமும் அப்படித்தான் வைத்தோம். நாடகத்தில் விளக்கையெல்லாம் அணைத்து, ஊரே உறங்குகிறது என்று காட்டும் ஒரு இடம் வரும். அந்த அமைதியில் இரண்டு எம்பும் சேர்ந்து, மேட்டில் ஏற முடியாத லொறி மாதிரி உறுமிக்கொண்டிருந்தன. மேய்ப்பர்கள் நுழைந்தார்கள். நான் முதல் வரியை வாசித்து முடிப்பதற்குள் உபதேசியார் எழுந்து வந்து இரண்டு ப்ளக்கையும் இழுத்துவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். சனங்கள் சிரித்தார்கள். பாட்டு முடியும்வரை சத்தம் வராத கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்றாவது வரிசையில் இருந்த அம்மா என்னைப் பார்க்காமல் செபப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

உபதேசியார் மேல் எனக்குக் கோபமில்லை. பாதர் மாதத்தில் இரண்டு தரம்தான் எங்கள் தோட்டத்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவதும் கோயிலைப் பார்த்துக்கொள்வதும் உபதேசியார்தான். விழாவில் எது கெட்டுப்போனாலும் அவரைத்தான் கேட்பார்கள். இந்த முறை அவர் நேரத்தோடு சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தது நான். கிட்டார் இல்லாமல் அது இரண்டாம் வருஷமும் போய்விட்டால் மூன்றாம் வருஷம் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

அண்ணன் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன். கைராசிக்காரன் என்று பெயர். எர்த் வயரைக் கழற்றுவது அவனுக்குப் பாவமாகவே தெரியவில்லை.

"எர்த்த கழட்டுனா சத்தம் நிக்கும்னு டிப்ளோமால சொல்லித் தரலயா?" என்று கேட்டான்.

"மூச்சும் நிக்கும்னு சேத்துச் சொல்லித் தந்தாங்க."

உதட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். மழைக்காலம், ஈரத் தரை, கையில் கிட்டாரின் இரும்புக் கம்பி, வாய்க்கு முன்னால் இரும்பு மைக். அடுத்த முறை மைக்கில் வாய் வைப்பது ஒரு பிள்ளையாக இருக்கலாம். அந்த வயர் ஏன் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் சத்தம் நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற சுபாவம்.

ஷாக் அடித்த அந்த ஞாயிறே வீட்டுக்கு வந்து கோயிலின் படத்தை ஒரு தாளில் வரைந்தேன். எம்ப் இரண்டு, கிட்டார் ஒன்று, ப்ளக் இரண்டு. வரைந்து முடித்ததும் எங்கே பிழை என்று தெரிந்தது. அது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம் என்றால் ஒரே வீட்டுக் கரண்ட்டில் எல்லாவற்றையும் ஓட்ட மாட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வயரிங்கை நம்பி ஒரு காம்பராவில், அதாவது ஒரு வீட்டு அறையில், எல்லாப் பாரத்தையும் போட்டால் ட்ரிப்பாகி மொத்தமும் இருட்டாகிவிடும். அதனால் பந்தல் விளக்குக்கு ஒரு காம்பரா, ஸ்பீக்கருக்குப் பக்கத்துக் காம்பரா, தேத்தண்ணிக் கேத்தலுக்கு எதிர் லயம் என்று பிரித்துக்கொள்வோம். கேட்காமலேயே ஜன்னல் வழியாக வயரை நீட்டுவார்கள். தன் வீட்டுக் கரண்ட்டும் விசேஷத்தில் ஓடியது என்பது ஒரு பெருமை. அதே முறையில் முன்னால் இருந்த எம்புக்குக் கோயில் கரண்ட்டும், பின்வாசலை ஒட்டி இருக்கும் உபதேசியார் வீட்டிலிருந்து பின்னால் இருந்த எம்புக்குக் கரண்ட்டும் எடுத்திருந்தோம்.

இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த் கம்பி. கோயிலுடையது பாறைக்குப் பக்கத்தில் தண்ணீர் நிற்காத மண்ணில் இறங்கியிருக்கிறது. உபதேசியார் வீட்டுடையது ஊற்றுக் குழாயான பீலியின் தண்ணீர் ஓடும் ஈரத்தில். மண்ணுக்குள் இருக்கும் இரண்டு கம்பியிலும் வோல்ட்டேஜ் ஒரே அளவில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் ஒரு கம்பியிலிருந்து மற்றதுக்குப் போக வழி தேடும். நாங்கள் ஒரு கிட்டாரை இரண்டு எம்பிலும் பூட்டி அந்த வழியைக் கொடுத்திருந்தோம். கிட்டார் வயரின் வெளிப்பின்னல் வழியாக அது ஓட, எம்ப் இரண்டும் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்கின.

தாளின் கீழே இரண்டு வேலைகளை எழுதினேன். ஒன்று, இரண்டு எம்புக்கும் ஒரே ப்ளக்கிலிருந்து கரண்ட் எடுப்பது. இரண்டு, கிட்டாருக்கும் பின் எம்புக்கும் நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்போமர் வைப்பது. அதன் இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடாது. பாட்டு மட்டும் காந்தமாகத் தாண்டும், எர்த் தாண்டாது.

டிரான்ஸ்போமர் என்னிடம் இருந்தது. ஒரு தொழிற்சாலை ஒபிஸில் வீசிய பழைய டெலிபோன் மோடத்திலிருந்து கழற்றி, எதற்காவது உதவும் என்று வைத்திருந்தேன். மேசையில் வைத்துச் சோதித்தேன். சரியாக வேலை செய்தது. பிறகு அதை நல்ல பெட்டிக்குள் அடக்க ஆசைப்பட்டு, தூள் சாம்பிள் வரும் ஒரு தகர டப்பாவில் துளை போட்டு, சொக்கெட்டுகளை இறுக்கி, மூடியையும் மூடினேன். மூடியில் தேயிலைக் கொழுந்தின் படம். பார்க்க அழகாக இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலுக்குப் போனோம். முதல் வேலையே வம்பில் முடிந்தது. நான் பின் எம்பின் வயரை உபதேசியார் வீட்டு ஜன்னலிலிருந்து உருவியதை அவர் மனைவி பார்த்துவிட்டார். நான் அக்கா என்று கூப்பிடும் ஆள்.

"எங்க வீட்டுக் கரண்டு கசக்குதா தங்கச்சி?"

விளக்கிச் சொன்னேன். மண்ணுக்குள் இருக்கும் கம்பியைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எங்க வீட்டு மண்ணு சரியில்லங்கிற," என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

பீடத்துப் பக்கம் இருந்த ஒரே ப்ளக்கில் ஒரு பல ப்ளக் போர்டைப் போட்டு, அதிலிருந்து சுவரோரமாக நீள வயர் இழுத்துப் பின்னால் கொண்டுபோனேன். ட்ரிப்பாகும் என்றான் அண்ணன். இரண்டு எம்பின் முதுகிலும் எழுதியிருந்ததைக் கூட்டிக் காட்டினேன். ஒரு அயன்பொக்ஸ் இழுப்பதில் பாதிகூட இல்லை. போட்டோம். உறுமல் நிற்கவில்லை, ஆனால் லொறி தூரத்து வளைவுக்குப் போய்விட்டது போல் குறைந்தது. பாதி வெற்றி. மீதிக்குத்தான் தகர டப்பா. கிட்டாரிலிருந்து என் காலடியில் இருக்கும் பெடலுக்கு, பெடலிலிருந்து டப்பாவுக்கு, டப்பாவிலிருந்து இரண்டு எம்புக்கும் பூட்டினேன். நடுவில் அந்தப் பெடல் இல்லாவிட்டால் டிரான்ஸ்போமர் கிட்டாரின் சத்தத்தையே குடித்துவிடும்.

உறுமல் அப்படியே இருந்தது. துளிகூடக் குறையவில்லை.

அண்ணன் டப்பாவைத் தட்டிப் பார்த்தான். "தேத்தூளு இன்னும் ஊறல போல."

மணி நாலு. உபதேசியார் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் அது என் கண்ணில் பட்டது. மேசையில் வேலை செய்தது இங்கே ஏன் செய்யவில்லை என்று கேட்டுக்கொண்டேன். மேசையிலிருந்து இங்கே வருவதற்குள் மாறியது ஒன்றுதான், அது டப்பா. டப்பாவில் இருந்த வயர்களை உருவிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை முன் எம்ப் சொக்கெட்டின் வெளி உலோகத்திலும் மறுமுனையைப் பின் எம்ப் சொக்கெட்டிலும் வைத்தேன். பீப் என்றது.

தகரம்தான். எந்த வழியை அடைக்க டிரான்ஸ்போமர் கொண்டு வந்தேனோ, அந்த வழியை மூடியில் கொழுந்துப் படத்தோடு நானே திறந்து வைத்திருந்தேன். இரண்டு சொக்கெட்டும் தகரத்தின் வழியாகக் கைகோத்திருந்தன. பூட்டிய பிறகு ஒரு தரம் சோதிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு தொழிற்சாலையிலும் மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான்.

பிளாஸ்டிக் டப்பா ஒன்று வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரே வீடு அக்காவுடையது. போய் நின்றேன்.

"கரண்டு வேணாம், டப்பா மட்டும் வேணுமாக்கும்?"

"கரண்டும் வேணுங்கக்கா," என்றேன். "குடிலுக்கு லைட் போடணும். அது கிட்டாரோட சேராது. அப்பறம் இப்ப சோல்டர் பண்ணவும் வேணும்."

இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் பாலன் குடில் பின்வாசலுக்குப் பக்கத்தில், எல்லோரும் நுழையும்போது முதலில் பார்க்கும் இடத்தில் வருகிறது. அவர் ஜன்னல் வழியாக அந்த இடத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மாஜரின் டப்பா ஒன்றிலிருந்த மிச்சத்தை ஒரு கோப்பைக்கு வழித்துவிட்டு, சுடுதண்ணீரில் கழுவி, துடைத்துக் கொடுத்தார்.

அவருடைய கேஸ் அடுப்பில் ஸ்குரூ டிரைவரைச் சுட்டு அண்ணன் துளை போட்டான். அதில் அவன் கை என் கையைவிட நல்லது. மூன்று துளை, மூன்றும் அளவாக. நான் குசினி மேசையிலேயே சோல்டர் பண்ணினேன். மூடும் முன் மீட்டர் வைத்தேன், பீப் இல்லை. மூடிய பிறகும் வைத்தேன். பீப் இல்லை.

கோயிலுக்கு ஓடிப்போய்ப் பூட்டி சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை. அண்ணன் பின்னாலிருந்து கத்தினான்.

"கரண்டு வரல போல!"

"எம்ப் லைட் எரியுதா பாரு."

எரிந்தது. நான் ஒரு கம்பியைத் தட்டினேன். முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் கோயில் அதிர்ந்தது. கையால் கம்பிகளை அமர்த்தினேன். கூரைத் தகரத்தில் தூறல் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

நான் ஒரு சுரத்தை வாசித்துக்கொண்டிருக்க, உபதேசியார் சனங்கள் உட்காரும் வாங்குகளுக்கு நடுவில் நடந்து வந்து, சரியாக நடுக்கோயிலில் நின்று, தலையைச் சாய்த்தார். இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"முன்னுக்கும் நல்லா இருக்கு, பின்னுக்கும் நல்லா இருக்கு. இந்த இடத்தில நின்னா மட்டும் பாட்டு மெலிஞ்சி போவுதும்மா."

அவருக்கு அதன் பெயர் தெரியாது, ஆனால் காது சரியாகச் சொன்னது. ஒரு எம்ப் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றை ஒன்று தின்றன. டப்பாவைத் திறந்து டிரான்ஸ்போமரின் ஒரு பக்கத்து இரண்டு வயரையும் இடம் மாற்றினேன். வயர மாத்துனா என்னா வந்துறப் போவுது என்று அண்ணன் முணுமுணுத்தான். மறுபடி அதே சுரத்தை வாசித்தேன்.

கிட்டார் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கோயில் முழுக்க நின்றது.

உபதேசியார் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால். பாராட்டுவது அவர் பழக்கம் இல்லை. "நாளைக்குப் புள்ளைங்கள நாலரைக்கே வரச் சொல்லுங்க. கிட்டாரோட ஒரு தரம் பாடிப் பாக்கட்டும்," என்று சொல்லி கீபோர்டை உறையில் போட்டார்.

மறுநாள் விளக்கை அணைத்தார்கள். ஊர் உறங்கும் இடம். யாரோ இருமினார்கள். ஒரு பிள்ளையின் செருப்பு தரையில் உரசியது. அவ்வளவுதான். எம்ப் இரண்டும் போட்டபடி இருக்கின்றன என்பது அவற்றின் சிவப்பு லைட்டைப் பார்த்தால்தான் தெரியும். நான் வாசித்தேன். மேய்ப்பர்கள் பின்வாசலில் சரியான சுருதியில் பாட்டை எடுத்து, ஒரு தாளம் பிசகாமல் பீடம் வரைக்கும் நடந்து வந்தார்கள். அண்ணன் ப்ளக் போர்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காவல் காத்தான். போன் சார்ஜ் பண்ண வந்த இரண்டு பேரை முறைத்தே அனுப்பிவிட்டான். பாட்டு முடிந்ததும் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அம்மா செபப்புத்தகத்தை மடியில் மூடி வைத்துவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

இப்போதைய நிலை: இரண்டு எம்பும் கோயிலின் ஒரே ப்ளக்கில் ஓடுகின்றன. இரண்டிலும் எர்த் வயர் பூட்டியபடி இருக்கிறது. நடுவில் மாஜரின் டப்பா. குடில் விளக்கு அக்கா வீட்டுக் கரண்ட்டில். வருகிற வருஷத்துப் பாட்டுக்கும் உபதேசியார் என்னிடமே சொல்லியிருக்கிறார். தகர டப்பாவில் அம்மா தேத்தூள் போட்டு வைத்திருக்கிறார்.