துருவனின் நடை

மருத்துவமனையில், நோயாளிகளுக்கு மறுபடி நடக்கக் கற்றுத்தரும் பிரிவுக்கு வெளியே நீல நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். முற்பகல் நேரம். தாழ்வாரத்தின் திருப்பத்துக்கு அப்பால் யாரோ நடந்துவரும் சத்தம் கேட்டது. டொக். பிறகு தரையில் எதையோ இழுப்பதுபோல் ஸ்ரக். பிறகு ஒன்றுமில்லாத ஓர் இடைவெளி. அடுத்த அடி வராமலே போய்விடுமோ என்று நினைக்கும் அளவுக்கு அது நீண்டது. அப்புறம் மறுபடியும் டொக். அந்த நடை எனக்குத் தெரியும். கணினித் திரையில் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு தகர மனிதனின் கால்களுக்குப் பொருத்தியவளே நான்தான். திருப்பத்தைத் தாண்டி வந்தவர் என் அத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். உயர்நிலைப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. கிளமெண்டியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தார்கள். எதையும் பார்ப்பதற்கு முன் கேட்டுவிடுகிற மனிதர் அவர். ஃபேரர் பார்க் பக்கம் சாமான் வாங்கப் போனால் பாத்திரக்கடையில் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். முறுக்கு உழக்கைக் காதருகே வைத்துத் திருகுவார். இட்லிப் பானையின் மூடியைச் சுண்டிவிட்டு அதன் நாதம் அடங்கும்வரை நகரமாட்டார். “எல்லாரும் பாத்து வாங்குவாங்க, நீங்க கேட்டு வாங்குறீங்களேண்ணே” என்று கடைக்காரர் ஒருமுறை சொன்னது எங்கள் குடும்பத்தில் நெடுநாள் ஓடிய வேடிக்கை.

நான் தஞ்சோங் பகாரில் சின்ன அனிமேஷன் நிறுவனம் ஒன்றில் படத்தொகுப்பாளராக இருக்கிறேன். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு தொடர் எடுத்தோம். அதன் நாயகன் ஓர் இயந்திரம். கப்பல் சரக்குக் கிடங்கு ஒன்றைக் காவல் காக்க வைக்கப்பட்டவன். துறைமுகம் வேறிடத்துக்குப் போனபோது எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அவனை நிறுத்திவிட்டுப் போக மட்டும் மறந்துவிட்டார்கள். ஆகவே யாரும் வராத கிடங்கை அவன் இன்னும் சுற்றிவந்து காவல் காக்கிறான். துரு ஏறியவன் என்பதால் துருவன் என்று பெயர் வைத்தோம். அவனுக்காக விலைக்கு வாங்கிய ஒலிகளெல்லாம் பளபளவென்று, நேற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்தவைபோல் இருந்தன. அதை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புலம்பினேன். அத்தான் எழுந்து அடுக்களைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தேங்காய்த் துருவியின் கைப்பிடி மெல்லச் சுழலும் சத்தம் கேட்டது. துருவன் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறான் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு வார இறுதி தோறும் அங்கே பதிவு நடந்தது. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்கென்று எங்கள் ஊர்ப் புதுவீடுகளில் கட்டப்படும் காப்பறை பெரும்பாலும் அரிசி மூட்டையும் பழைய விசிறியும் அடைந்து கிடக்கும் சாமானறையாகத்தான் முடியும். அத்தான் அதைக் காலி செய்து சுவரெங்கும் போர்வைகளைத் தொங்கவிட்டார். தடித்த கான்கிரீட் சுவர், கனத்த எஃகுக் கதவு. கதவைச் சாத்தினால் காதில் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்கும்போல் இருக்கும். எனக்கு அந்த அறை என்றைக்கும் பிடித்ததில்லை. அவர் அதற்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

நடையை அங்கேதான் செய்தார். இஞ்சி இடிக்கும் சிறு உலக்கையின் நுனியில் செருப்பு ரப்பரை வெட்டிக் கட்டித் தரையில் ஊன்றினார், அது டொக். அலுமினியத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து இழுத்தார், அது ஸ்ரக். நடுவில் அந்த இடைவெளி. கேட்க வந்திருந்த எங்கள் இயக்குநருக்கு அது பொறுக்கவில்லை. என்னைவிட இளையவர், எதிலும் வேகம் வேண்டும் அவருக்கு. “சார், அந்த கேப் மட்டும் எடுத்துடலாமா? பிள்ளைங்க போரடிச்சு சேனல் மாத்திடுவாங்க” என்றார்.

“அந்த கேப்புலதான்லா அவன் இருக்கான். மத்ததெல்லாம் வெறும் தகரம்” என்றார் அத்தான். இடைவெளி அப்படியே நின்றது.

துருவனுக்குப் பேச்சு கிடையாது. ஒரே ஓர் ஒலிதான்: த்தா. பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாயில் வைத்து அத்தான் அதை எழுப்புவார். பசிக்கு ஒரு த்தா, எண்ணெய்த் தாகத்துக்கு ஒன்று, சலிப்புக்கு ஒன்று, தண்ணீர் பட்டால் வரும் பயத்துக்கு ஒன்று, கடற்பறவை தோளில் வந்து உட்கார்ந்தால் ஒன்று. ஒவ்வொன்றையும் பதிவு செய்ததும் கதவைத் திறந்து, அடுக்களையில் நிற்கும் அக்காவிடம் குழாயும் கையுமாகப் போய் நிற்பார். “இது என்ன சொல்லு?” அக்கா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்: “கோவம்.” அல்லது, “இது பசியா? வயித்து வலி மாதிரி இருக்கு. போய் வேற பண்ணுங்க.” அவள் சரியாகச் சொல்லும்வரை அவர் விடமாட்டார். தொடரின் முதல் பாகம் வெளிவந்ததும் பிள்ளைகள் அடுக்குமாடித் தாழ்வாரங்களில் காலை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அத்தான் முகம் மலர்ந்துவிடும்.

அடுத்த ஆண்டு, பள்ளி ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது என்றார்கள் மருத்துவர்கள். ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு பிற்பகலில் அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது முதல் ஒலி வந்தது.

“த்தா” என்றார்.

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். கட்டிலுக்கு இந்தப்பக்கம் இருந்த என்னைப் பார்த்தாள். அவர் மறுபடியும் சொன்னார். வேறு எதையோ சொல்ல முயன்று, அதுவே வந்து, அவர் கண்களும் எங்களுடையவைபோலவே அதைக் கேட்டு விரிந்தன.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி பொறுமையாக விளக்கினார். சிலருக்கு எல்லாச் சொற்களும் போய், ஒரே ஓர் ஒலி மட்டும் மிஞ்சுமாம். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வருமாம். “ஏன் அந்த ஒலின்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதுங்க. வாய்க்கு ரொம்பப் பழகினதா இருக்கலாம்” என்றார். எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது. நான் அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து அவர் நடந்து வருவதைக் கேட்கும்வரை. நடைக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. இடது கையில் நான்கு கால் ஊன்றுகோல், அதன் அடியில் ரப்பர்; வலது காலில் பிளாஸ்டிக் தாங்கி, தரையில் உரசியபடி. இந்த நோய் வந்தவர்கள் பலரும் அப்படித்தான் நடக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த இடைவெளி மற்றவர்களுடையது அல்ல. அதன் நீளம் என் விரல்களுக்குத் தெரியும்.

அவரை வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு அக்கா எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். குரலை மிகவும் தாழ்த்திப் பேசினாள். “பல்லி சொன்னாலே பலிக்கும்னு சொல்வாங்க. இவர் அந்த ரூமுக்குள்ள உக்காந்து, எத்தனை மாசம், வாயாலயே சொல்லிச் சொல்லி வரவழைச்சுட்டாருலா” என்றாள். அக்கா கணினி நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவள். ஜாதகம்கூடப் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் வாயிலிருந்து அதைக் கேட்டதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

அவள் கூடத்தில் தடித்த விரிப்பு போட்டாள். ஊன்றுகோலின் கால்களுக்கு அடியில் பஞ்சு வைத்துக் கட்டினாள். வீட்டுக்குள்ளேயே காதில் இயர்போனோடு நடமாடினாள். அவருக்கு வேண்டியதையெல்லாம் வேளை தவறாமல் செய்தாள். அவர் வாய் திறந்தால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தான் அதைக் கவனிக்காதவரா? மெல்ல மெல்ல அந்த ஒலியையும் எழுப்புவதை விட்டார். பிறகு நடப்பதையும் விட்டார். சன்னலோர நாற்காலியில் கிளமெண்டி ரயில் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நடைப் பயிற்சி தர வீட்டுக்கு வந்தவர் அக்காவை எச்சரித்தார்: இப்படியே விட்டால் கால் விறைத்துவிடும், பிறகு எழவே முடியாது.

அந்த வாரம்தான் அக்கா என்னை வரச்சொன்னாள். காப்பறையில் இருந்த பதிவுகளையெல்லாம் அவள் கண்முன்னால் நான் அழிக்க வேண்டும். அலுவலகத்தில் இருப்பதையும் அழித்துவிடுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். எனக்கு மறுக்கத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை மதியம், வெயில் கூடம் முழுக்கக் கிடந்தது. அத்தான் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். நாங்கள் எஃகுக் கதவைத் திறந்து உள்ளே போனோம். போர்வைகளில் பழைய தூசி வாசம். கணினியை முடுக்கினேன்.

“ஒரு தடவை கேட்டுட்டு அழிச்சிடறேன்க்கா” என்றேன். அவள் தலையசைத்தாள்.

முதல் பதிவு ஓடியது. நான் எதிர்பார்த்தது துருவனை. வந்தது அத்தானின் குரல். பக்கவாதத்துக்கு முந்திய, நல்ல, வகுப்பறைக் குரல். “துருவன். பசி” என்று தலைப்பு சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் தொடங்கியிருந்தார். படத்தில் சேர்க்கும்போது அதை வெட்டிவிடுவது என் வழக்கம். ஆகவே அப்படி ஒரு குரல் அங்கே இருப்பதையே மறந்திருந்தேன். துருவன், பசி. த்தா. துருவன், சலிப்பு. த்தா. துருவன், தாகம். கதவு திறக்கும் சத்தம், தொலைவில் அக்காவின் சிரிப்பு. அக்கா சுவர்ப் போர்வையை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள். அதன் பிறகு நடை. டொக். ஸ்ரக். இடைவெளி. டொக்.

இதற்கு மேல் அவளைக் கேட்கவிடக் கூடாது என்று பதிவை நிறுத்தினேன்.

நடை நிற்கவில்லை.

டொக் என்றது. ஸ்ரக் என்றது. எந்த விசையை அழுத்தினேன் என்று திரையைத் திரும்பப் பார்த்தேன். அது நின்றுதான் இருந்தது. சத்தம் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, விரிப்பு முடிந்து ஓடு பதித்த தரை தொடங்கும் இடத்திலிருந்து வந்தது. நெருங்கி வந்தது. பஞ்சு அவிழ்ந்துவிட்டிருந்த ஊன்றுகோலோடு அத்தான் கதவருகே வந்து நின்றார். தன் பழைய குரலைக் கேட்டு எழுந்து வந்திருக்கிறார். வியர்வை வழிந்துகொண்டிருந்தது. எங்கள் இருவரையும் பார்த்தார், கணினியைப் பார்த்தார்.

“த்தா” என்றார்.

“இருங்க, தண்ணி கொண்டாரேன்” என்றாள் அக்கா, ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டாள். பிறகு அப்படியே நின்றாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது தாகத்துக்கான த்தா. எத்தனையோ சனிக்கிழமைகள் வெங்காயம் நறுக்கியபடியே அவள் சரியாகச் சொன்னது.

அவர் அழுதார். அதற்கும் ஓர் ஒலி வந்தது. அதுவும் பதிவில் இருந்ததுதான். அக்கா தண்ணீரைக் கொண்டுவந்து தானே பிடித்துக் குடிக்கவைத்தாள். நான் எதையும் அழிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்து சில காலம் ஆகிவிட்டது. இப்போது அத்தான் நடக்கிறார், விரிப்பு இல்லாத தரையில். பயம் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அவர் முதுகுப்பக்கமாக நடந்துவரும்போது அக்காவின் தோள் இன்னும் ஒருமுறை குறுகுவதைப் பார்த்திருக்கிறேன். தொடரின் இரண்டாம் பாகத்துக்குப் பழைய பதிவுகளையே எடுத்துக்கொண்டோம். அத்தானைப் புதிதாகப் பதிவு செய்யலாமே என்று இயக்குநர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “வேண்டாங்க, இனிமே இது அவர் பேச்சு” என்று அக்கா முடித்துவிட்டாள். அவள் அவரோடு நாள் முழுக்கப் பேசுகிறாள். அவர் த்தா என்கிறார். “ஃபேன் போடவா”, “அந்த ஆள் நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு”, “சும்மா குறை சொல்லாதீங்க” என்று பதில் வருகிறது. பார்க்க வருகிறவர்கள் திகைத்துப்போகிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் காப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். அங்கிருந்து சில நாட்களாகப் புதிதாக ஒரு த்தா வருகிறது. நீளமாகத் தொடங்கி, கடைசியில் மேலே ஏறுகிறது, கேள்வி கேட்பதுபோல. எங்கள் பதிவுகள் முழுவதையும் தேடிப்பார்த்துவிட்டேன். அப்படி ஒன்று இல்லை. பசியா, வலியா, பயமா, ஊருக்குப் போகணுமா, யாரையாவது பார்க்கணுமா என்று அக்கா வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் அக்கா களைத்துப்போய், “சரிங்க” என்று சொல்லியிருக்கிறாள். உடனே அவர் முகம் தெளிந்து, நிம்மதியாகத் தூங்கிவிட்டாராம். அன்றிலிருந்து தினமும் அவர் கேட்கிறார், தினமும் அவள் சரி என்கிறாள்.

போன வாரம் போயிருந்தபோது அக்கா என்னிடம் அதைச் சொன்னாள். கையில் பாதி மடித்த துணி. “எதுக்குச் சரின்னு சொல்லிட்டு இருக்கேன்னு தெரியலலா” என்றாள்.

அப்போது திறந்திருந்த எஃகுக் கதவுக்கு உள்ளேயிருந்து அந்த ஒலி வந்தது. மெதுவாக, நீளமாக, முடிவில் மேலே ஏறி. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்த்தோம். பதிலுக்காக அங்கே ஓர் இடைவெளி காத்திருந்தது. அக்கா துணியை மடித்து முடித்தாள்.

“சரிங்க” என்றாள்.