மடிப்பிச்சைச் சட்டை

முதன்முதலாகப் பார்ப்பவர்கள் அதை விளக்குத் துடைக்கிற துணி என்றுதான் நினைப்பார்கள். நீலக் கோடு போட்ட பருத்தி. துவைத்துத் துவைத்துக் கோடே மங்கிவிட்டது. ஒரு பையனுடைய சட்டையின் கை அது. சட்டை அல்ல, கை மட்டும். தையலைப் பிரித்து முன்பக்கம் திறக்கும்படி செய்து, பொத்தானுக்குப் பதில் மெல்லிய நாடா வைத்து, இரண்டு பக்கமும் சின்ன ஓட்டை போட்டு மடித்துத் தைத்திருக்கும். என் மகன் உலகத்தில் போட்ட முதல் உடுப்பு இதுதான். போன மாதம் என் மருமகளுக்கு நாள் முந்திப் பிரசவமாகி, பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது, அவள் சிநேகிதி சிங்கப்பூரிலிருந்து ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். குறைமாதக் குழந்தைகளுக்கென்றே தைத்த சட்டைகள். வாத்து போட்டது, நட்சத்திரம் போட்டது, உள்ளங்கை அகலத்தில் ஒரு தொப்பி. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவிட்டு, "அத்தை, எதை முதல்ல போடலாம்? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். நான் பீரோவைத் திறந்து இந்தச் சட்டைக் கையை எடுத்தேன். எதையோ துடைக்கப் போகிறேன் என்று நினைத்து அவள் ஒதுங்கி நின்றாள்.

இதைத் தைத்தவர் என் நாத்தனார். என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் தகப்பன் இரண்டு பேரும் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலில் போனபிறகு, தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு பால்மரம் சீவி வளர்த்தவர். தம்பிக்கு மலாக்கா டவுனில் கிராணி வேலை, கணக்கெழுதுகிற வேலை, கிடைத்ததும் காஜா பேராங்கில் வாடகை வீடு பிடித்து, அவருக்கு என்னைக் கட்டிவைத்து, கூடவே இருந்துகொண்டார். வாய் நீளம். ஆனால் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். உப்புத் தீர்ந்துவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பிருக்காது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் வாங்கி வரட்டுமா என்று நான் புதுப்பெண்ணாக ஒருமுறை வாயைத் திறந்தேன். "கேட்டு வாங்குனது தொண்டையில நிக்கும், தெரியுமா?" என்று ஒரு முறை முறைத்தார். பெற்றவர்கள் போன வாரத்தில், தம்பிக்குக் கஞ்சி வைக்க அரிசி கேட்டுச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்றாராம். உள்ளேயிருந்து கதவைச் சாத்தினார்களாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. என் கணவர்தான் சொன்னார். அதன்பிறகு உப்பில்லாக் குழம்பை நான் முணுமுணுக்காமல் சாப்பிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் செட்டிகள். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருப்பவர்கள். சாமியெல்லாம் நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டம்மாவின் கோழிகள் அண்ணியின் கனகாம்பர நாற்றைக் கிளறிப் போட்டதில் ஆரம்பித்த சண்டை, நான் வாழ வருவதற்கு முன்பே முற்றிப்போயிருந்தது. அண்ணி தமிழில் திட்டுவார், அந்தம்மா மலாயில் திட்டுவார். ஒருவர் திட்டுவது மற்றவருக்கு முழுசாகப் புரியாததால் சண்டை முடியவே வழியில்லாமல் இருந்தது என்று என் கணவர் சிரிப்பார். பிறகு திட்டுவதும் நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு போயிற்று.

மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருடம் என் மகன் பிறந்தான். ஊரெல்லாம் கொடித் துணிக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். எட்டாம் மாதத்தில் வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், அவன் பிறந்து அழவே யோசித்தான். தோலெல்லாம் சிவந்து சுருங்கி, உரித்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். பெற்றவளே இப்படிச் சொல்லலாமா என்றால், இருந்தது அப்படித்தான். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவனைப் பஞ்சில் சுற்றி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். டாக்டர் பிடிகொடுத்துப் பேசவில்லை. ஒரு மிஸ்ஸிதான், அப்போது தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவோம், "உடம்பு சூடு தங்க மாட்டேங்குது. பழைய மெல்லிசுத் துணியில முன்பக்கம் திறக்கிற மாதிரி சட்டை கொண்டாங்க. இங்க இருக்கிறதெல்லாம் அவனை முழுங்கிடும்" என்றாள்.

சட்டை கொண்டுவா என்றால் வீட்டில் ஒரு கந்தல்கூட இல்லை. பிறக்காத பிள்ளைக்குத் துணி சேர்ப்பது நம்மிடம் வழக்கமில்லையே. என் கணவர் அன்றைக்கே ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்கு ஓடி ஒரு சட்டை வாங்கி வந்தார். சிவப்பு நைலான், கழுத்தைச் சுற்றிச் சரிகை லேஸ், முதுகில் ஒரு குஞ்சம். ஒரு வயதுப் பெண்பிள்ளைக்குச் சரியாக இருக்கும். எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கு வரவில்லை. "புதுசையா வாங்கியாந்த? ஏன்டா, உனக்கு மூளை இருக்கா? நிக்குமா போகுமான்னு இருக்கிற புள்ளைக்கு எவனாச்சும் புதுசு எடுப்பானா?" என்று அதைப் பறித்து அரிசிப் பானைக்குப் பின்னால் எறிந்தார்.

அவருக்குத் தெரிந்த முறை வேறு. தங்காது என்று பயப்படுகிற பிள்ளைக்கு மடிப்பிச்சை எடுத்த துணிதான் போட வேண்டும். அதுவும் பிள்ளை சாகாத வீட்டில் எடுக்க வேண்டும். போட்டுப் பழசானதாக இருக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஆயுசு துணியோடு வரும் என்று நம்பிக்கை. நான் பள்ளிக்கூடம் போனவள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்றைக்கு யாராவது தலைகீழாக நில் என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். கஷ்டம் என்னவென்றால், அந்தக் காலத்தில் பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு ஏது? எங்கள் தெருவை அண்ணி வாய்விட்டு ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தார். இந்த வீட்டில் அம்மை, அந்த வீட்டில் பேதி. கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டு வேலிப்பக்கம் பார்த்தார். பெற்ற பிள்ளைகள் அத்தனையும் உயிரோடு ஓடி விளையாடிய வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோழி வளர்த்த வீடு.

அண்ணி போகமாட்டார் என்றே நான் நினைத்தேன். அடுப்பங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து முகம் கழுவி, பொட்டை அழித்து வைத்து, வேலிப்படலைத் திறந்துகொண்டு போனார். நான் சன்னலில் நின்று பார்த்தேன். அந்தம்மா வாசலில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். அவருடைய கடைசிப் பையன் பின்னால் நின்றான். அண்ணன்மார் எல்லாரும் போட்டுக் கழித்த நீலக் கோட்டுச் சட்டை, கை தொளதொளவென்று விரலை மறைத்துக்கொண்டு. அண்ணி தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், பழந்துணி வேண்டும், குழந்தைக்கு என்றார். "மிந்தா காயின் பூரோக்." அந்தம்மா உள்ளே போனார். கதவைச் சாத்திவிடுவாரோ என்று நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது கையில் மடிப்புக் கலையாத வெள்ளை வாயில் துணி. கெபாயா, அவர்கள் போடுகிற மேல்சட்டை, தைக்க வைத்திருந்தது போல. சண்டைக்காரிக்குக் கந்தலைக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்கு யோசனை, நல்ல மனசுதான். ஆனால் அண்ணி அதைக் கண்டதும் பின்வாங்கினார். "புதுசு வேணாம். புதுசு வேணாம்" என்று தமிழிலேயே சொன்னார். அந்தம்மாவின் முகம் கறுத்தது. கொடுத்ததை வேண்டாம் என்கிறாளே என்று மலாயில் பொரிந்துகொண்டு திரும்பப் போனார்.

அப்போதுதான் அண்ணி முந்தானையை எடுத்து இரண்டு கையாலும் விரித்து ஏந்தினார். தலை குனிந்திருந்தது. வாயாலேயே தெருவை ஆண்ட பொம்பளை, ஒரு வார்த்தை இல்லாமல் நின்றார். அந்தம்மா அந்த முந்தானையைப் பார்த்தார். எத்தனை தலைமுறை மலாய் பேசினால் என்ன, அது அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பையனை இழுத்து, அவன் மாட்டேன் என்று கத்தக் கத்தச் சட்டையை உருவி, வேர்வையும் மண்ணுமாக அப்படியே மடியில் போட்டார். அண்ணி சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். வந்ததும் என்னைப் பார்த்து, "என்ன வேடிக்கை? ஊசி நூலை எடு" என்றார்.

பிள்ளையை அளவெடுக்கக் கூடாது என்பதால், தூக்கிப் பார்த்த ஞாபகத்தை வைத்தே வெட்டினார். சட்டையில் உடம்புப் பகுதியே தேவைப்படவில்லை. கை ஒன்றே போதுமாக இருந்தது. தையல் விளிம்பு மேலில் உரசாமல் இருக்க, அதை வெளிப்பக்கம் வைத்துத் தைத்தார். கொதிக்க வைக்காமல் போடமாட்டேன் என்று மிஸ்ஸி அடம்பிடித்தாள். ஆயுசெல்லாம் கொதித்துப் போய்விடுமே என்று அண்ணி வாதாடி, கடைசியில், "சரி, வேக வைங்க. ஒட்டுனது போகாது" என்று இறங்கிவந்தார். சட்டையால் பிழைத்தானா, மிஸ்ஸி சூட்டுக்குப் பக்கத்தில் வைத்த சுடுதண்ணீர்ப் புட்டிகளால் பிழைத்தானா, எனக்குத் தெரியாது. பிழைத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். இல்லை. கோழி மறுபடியும் வந்தது. அண்ணி மறுபடியும் திட்டினார். ஆனால் உப்புத் தீர்ந்தால் மட்டும் கிண்ணத்தோடு வேலியருகே போய் நிற்பார். திட்டிக்கொண்டேதான் வாங்குவார். அண்ணி இறந்தபோது, பிறந்த வீட்டுக் கோடி போடத் தம்பி ஒருவர்தான் இருந்தார். அவர் போட்டு முடித்ததும் அந்தம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் அந்த வெள்ளை வாயில் துணி. மடிப்பெல்லாம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. தைக்கவும் இல்லை, உடுத்தவும் இல்லை. அதை அண்ணியின் மேல் விரித்து, நெற்றியைத் தடவி, மலாயில் மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்காவது புதுசை வாங்கிக்கோ." பிறகு அவர் அழுத அழுகையைப் போல அந்த வீட்டில் யாரும் அழவில்லை.

இதையெல்லாம் மருமகளிடம் முழுக்கச் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரியிடம் சொல்கிற கதையா இது? வாத்துச் சட்டை அழகாக இருக்கிறது, அதையே போடு, ஆனால் முதலில் ஒரு நிமிடம் இதைப் போட்டு எடு என்றேன். அவள் மறுக்கவில்லை, கொதிக்க வைத்து, ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டுதான் போட்டாள். என் மகன் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் தொந்தியும் தானுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இவன் தகப்பனைவிடச் சின்னவன். அந்தச் சட்டைக் கையே இவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.